தண்ணீருக்காக உயர்த்திய வண்டி

இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பேக்கரிப் பாண் படியேறி வீட்டுக்குப் போவதில்லை. கயிற்றில் போகிறது. காலையில் மூன்றாம் மாடி, நாலாம் மாடிப் பால்கனிகளிலிருந்து கூடைகள் இறங்கும். கீழே நிற்கும் பாண்காரர் கூடைக்குள் கிடக்கும் காசை எடுத்துக்கொண்டு பாணை வைப்பார். கூடை சுவரில் இடித்து இடித்து மேலே ஏறும். வந்த புதிதில் நான் இதை வாய் பார்த்துக்கொண்டு நின்று, இறங்கி வந்த கூடையொன்றைத் தலையில் வாங்கிக்கொண்டேன். கூடைக்காரி மேலே நின்றுகொண்டு என்னைத்தான் ஏசினாள். இப்போது எங்களுக்குள் நல்ல பழக்கம். நான் தெருவில் வருவதைக் கண்டால் "சிலோன், தலை!" என்று கத்திவிட்டுத்தான் கயிற்றை விடுகிறாள்.

இந்த ஊர்க்காரர்கள் உயரத்துக்குப் பழகியவர்கள். கீழே கடை, மேலே வீடு, வீட்டுக்கு மேலே மலை. துறைமுகத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் எந்தத் தெருவின் முடிவிலும் ஒரு மலை நிற்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு இது கண்ணுக்குப் பழக வெகு காலம் எடுத்தது. எங்கள் நிலம் எப்படிப்பட்டது என்று ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எந்தக் கூரையில் ஏறி நின்றாலும் ஒரு குன்றைக் காண முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் உயரத்தைப் பற்றிய நினைப்பு ஒன்றுக்குத்தான் வரும், வெள்ளத்துக்கு. வீட்டு அத்திவாரத்தை உயர்த்துவது வெள்ளத்துக்கு. நெல் மூட்டைக்குக் கீழே கட்டை வைப்பது வெள்ளத்துக்கு. முழங்காலுக்கு வந்ததா, இடுப்புக்கு வந்ததா என்று கேட்டுத்தான் அந்த வருட மாரியை நினைவு வைத்திருப்போம். இந்தப் பழக்கம் எங்களோடு விமானம் ஏறி பலேர்மோவரைக்கும் வந்துவிட்டது. அது என் அத்தானின் பிக்கப் வண்டியையும், அதைக்கொண்டு என் அக்காவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீட்டையும் என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். முதலில் நானும் சிரித்தவன்தான்.

அத்தானின் பெயர் செல்வராசா. அக்காவின் கணவர். ஊரில் லொறிச் சாரதியாக இருந்தவர். பரந்தன், கிளிநொச்சிப் பக்கமிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்கு வருவார். நான் அவருக்கு முன்பே பலேர்மோ வந்து, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் வயதான அம்மா ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தேன். சமைப்பது, துடைப்பது, அவரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவது என்று எல்லாம் நான்தான். அத்தான் வந்தபோது அவருடைய மகள் மதி தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு அக்காவும் மதியும் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் எங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். அத்தானிடம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இருந்தது, வேலை இருந்தது. இல்லாதது வீடு. குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் வீட்டு ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் காட்ட வேண்டும். அத்தான் இருந்த, ஐந்து ஆண்கள் பாய் விரித்துப் படுக்கும் அறை வீடு என்ற கணக்கில் வராது. தொலைபேசியில் கேட்டால் வீடு இருக்கும். நேரில் போய் நின்றால், சற்று முன்புதான் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். நாங்களும் 'கிராட்சியே' என்று நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்குவோம்.

அந்த நாட்களில் அத்தான் ஒரு பழைய சின்ன ஜப்பான் பிக்கப்பை வாங்கியிருந்தார். வீடு மாறும் எங்கள் ஆட்களின் குளிர்சாதனப் பெட்டி, கட்டில், துறைமுகத்தில் வந்திறங்கும் சாமான் பெட்டி என்று எதையாவது ஏற்றி இறக்குவார். அதைப் பற்றி என் சிஞ்ஞோராவிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவருடைய தம்பி ஒரு வழக்கறிஞர். எல்லோரும் 'அவ்வொக்காத்தோ' என்று கூப்பிடுவார்கள். நாங்கள் வசதியாக அப்புக்காத்தர் என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு மலைகளுக்குப் பின்னால் ஒரு பழத்தோட்டம் இருந்தது. மந்தரீனோ என்கிற, ஆரஞ்சு நிறத்துச் சின்னத் தோடம்பழம். குளிர்காலம் முழுக்கப் பழப்பெட்டிகளை மரத்தடியிலிருந்து பெரிய றோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க, சொந்த வண்டியோடு ஒரு ஆள் அவருக்குத் தேவை. தோட்டத்துக்குள் காவல்காரருக்கென்று கட்டிய வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. வேலை சரிவந்தால் அந்த வீட்டை எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிறேன், குடும்பத்தைக் கூப்பிடட்டும் என்றார் அப்புக்காத்தர். எனக்குக் கேட்டதை நம்ப முடியாமல் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். பெரிய றோட்டைவிட்டு இறங்கியதும் கல்லும் பள்ளமுமான பாதை. அது ஒரு ஆற்றுப் படுக்கைக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறும். ஏறிய இடத்தில் தோட்டம், தோட்டத்துக்குள் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. அத்தான் ஒவ்வொரு யன்னலாகத் திறந்து பார்த்தார். "இந்த அறை பிள்ளைக்கு. காலமை வெய்யில் வரும்," என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து அடுப்புக் கல்லைத் துடைத்தார். யாருடைய அடுப்போ! ஆனால் அந்த மனிதர் துடைத்த விதத்தைப் பார்த்தபோது அக்கா அடுத்த அறையில் இருக்கிறார் போல எனக்கு ஒரு நினைப்பு வந்தது.

திரும்பும்போது ஆற்றுப் படுக்கையில் வண்டியின் அடி கல்லில் 'கர்' என்று உரசியது. அப்புக்காத்தர் ஏற்றத்தில் நின்று பார்த்துவிட்டு, "வண்டி பதிவாக, நிலத்தோடு இருக்கிறது. உயர்த்திக்கொண்டு வாருங்கள்," என்றார். அத்தான் உரசலைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இறங்கிப்போய் அந்தக் காய்ந்த ஆற்றின் நடுவில் நின்று, மேலேயும் கீழேயும் பார்த்தார். கரையில் எவ்வளவு உயரத்துக்குச் செத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். "இதிலை தண்ணி வருமோ எண்டு கேள்," என்றார் என்னிடம். கேட்டேன். அப்புக்காத்தர் சிரித்தார். "வரும். வந்தால் எல்லாவற்றையும் கொண்டு வரும்," என்றார். அத்தான் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரு ஆளைப் பற்றிப் பேசுவது போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால், முன்பு குதிரை கட்டிய வளைவொன்றுக்குள் மாஸ்த்ரோ நீனோ என்பவர் கராச் வைத்திருந்தார். மறுநாள் வண்டியை அவரிடம் கொண்டுபோனோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்து, உயர்த்துவதில் இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று, சில்லுக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள ஸ்பிரிங் தகடுகளை மாற்றி, வண்டியின் எலும்புக்கூட்டையே உயர்த்துவது. எஞ்சினின் அடி, எண்ணெய்த் தொட்டி, கியர்பெட்டி எல்லாம் கூடவே நிலத்தை விட்டு மேலே போகும். மற்றது, எலும்புக்கூட்டை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் கபினையும் பின்பெட்டியையும் மட்டும் குற்றி, அதாவது சின்னக் கட்டை, வைத்துத் தூக்குவது. அது மலிவு, இரண்டு நாளில் முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்டோம். "முதல் வளைவிலேயே படுத்துவிடும். ஒன்றைத் தெரிந்தெடுங்கள்," என்றார். எங்கே ஓடப் போகிறது என்று கேட்டார். தோட்டத்துப் பாதை என்றேன். அப்படியானால் ஸ்பிரிங்தான் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு விளங்கட்டும் என்று தன் தொப்பியைக் கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "பெட்டியை உயர்த்துவது இது. தொப்பி உயரும், முழங்கால் உயராது." பிறகு பெருவிரலில் எழும்பி நின்றார். "ஸ்பிரிங் இது."

நான் ஒரு சொல் விடாமல் அத்தானுக்குச் சொன்னேன்.

"அவருக்கு வெள்ளம் தெரியாது," என்றார் அத்தான்.

"அங்கை வெள்ளம் எங்கை அத்தான்? கல்லெல்லோ கிடக்குது."

"கல்லு கிடக்கிற இடத்திலை கிடக்கும். அதைப் பாத்து ஓடலாம். தண்ணி சொல்லிப்போட்டு வராது. மாரி துவங்க ஆறு வரும். உன்ரை அக்காவும் பிள்ளையும் அங்காலை இருப்பினம், பள்ளிக்குடம் இஞ்சாலை. பிள்ளை நனைஞ்சுகொண்டு போறதோ?"

இதை நான் எப்படி மாஸ்த்ரோ நீனோவுக்குச் சொல்வது என்று யோசிப்பதற்குள், அத்தான் காற்சட்டையைச் சுருட்டித் தொடைவரைக்கும் ஏற்றி, உள்ளங்கையைத் தொடையில் வைத்துக் காட்டினார். இவ்வளவு தண்ணீர் வரும் என்பது அதன் அர்த்தம். மாஸ்த்ரோ குனிந்து தொடையை வடிவாகப் பார்த்தார். "காலில் என்ன? காயமா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். கராச்சுக்குள் நின்ற நாலுபேரும் வந்து அத்தானின் காலைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அத்தான் ஏன் தொடையைக் காட்டினார் என்பது வன்னிப் பக்கம் மாரியில் லொறி ஓடிய ஆட்களுக்குத்தான் விளங்கும். றோட்டை வெள்ளம் மூடிவிட்டால் சாரதி எஞ்சினை நிறுத்தாமல் இறங்குவார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடப்பார். காலால் றோட்டைத் தடவித் தடவி அக்கரைவரைக்கும் போய், திரும்பி வருவார். முழங்கால் என்றால் யோசிக்கத் தேவையில்லை. தொடை என்றால் ஃபான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு மேல் தண்ணீர் அடிக்காதபடி மெதுவாகப் போகலாம். இடுப்பு என்றால் லொறியைத் திருப்ப வேண்டியதுதான். மீற்றரும் இல்லை, பலகையும் இல்லை. சாரதியின் கால்தான் அளவுகோல். ஒருமுறை முரசுமோட்டைப் பக்கம் அத்தானுடைய கால் கொஞ்சம் பிழையாகக் கணக்குச் சொல்லிவிட்டது. பெட்டிக்குள் தண்ணீர் ஏறி, கீழ் வரிசை மூட்டையெல்லாம் நனைந்து, சுன்னாகம் வரும்போது அரிசி புளித்த மணம் வந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் அத்தானுக்குப் பொறுக்கவில்லை. அந்த வருடமே லொறியின் பெட்டியை முதிரைக் கட்டை வைத்து உயர்த்தினார். அதற்குப் பிறகு அவருடைய லொறியில் ஒரு மணி அரிசி நனைந்ததில்லை.

அரிசி மட்டுமில்லை. அடுத்த மாரியில் பேருந்து ஓட முடியாமல் ஆட்கள் கரையில் தேங்கி நின்றபோது, அந்த உயர்ந்த பெட்டியில் அவர்களை ஏற்றி அக்கரையில் விட்டவரும் அத்தான்தான். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த அக்கா அந்தக் கூட்டத்துக்குள் நின்றார். அரிசி மூட்டைக்கு மேல் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "மழை விட்ட பிறகும் குடையை மடக்கேல்லை. முகத்தைப் பாக்க வழியில்லாமல் போச்சு," என்று அத்தான் இன்றைக்கும் சொல்வார். முகத்தைப் பார்க்கத்தான் பிறகு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆளனுப்பினார்.

இதையெல்லாம் மாஸ்த்ரோ நீனோவுக்குச் சொல்ல என்னிடமிருந்த இத்தாலி மொழி காணாது. துடைக்க, பெருக்க, மருந்துக் கடையில் கதைக்கப் பழகிய மொழி அது. "இவர் ஊரில் லொறி ஓடியவர், தண்ணீருக்குப் பயப்படுகிறார்," என்று மட்டும் சொன்னேன். மாஸ்த்ரோ தோளைக் குலுக்கினார். வருடக் கணக்கில் வண்டி ஓடிய மனிதருக்குத் தன் பாதை தெரியாதா என்று நினைத்திருப்பார். ஒரு சாரதிக்கு மற்றவர் கொடுக்கும் மரியாதை அது. அத்தான் கல்லுப் பாதையில் ஒருநாளும் வண்டி ஓடியதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மலையென்ற ஒன்றே இல்லாத நாட்டுத் துண்டு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று ஒரு சிசிலிக்காரர் எப்படி நினைப்பார்? கறுப்பு நைலோன் குற்றிகளை வைத்துப் பெட்டியைத்தான் உயர்த்தினார்.

வண்டி வெளியே வந்தபோது சந்தையே வேடிக்கை பார்த்தது. சில்லு இருந்த இடத்தில் இருக்க, உடம்பு மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, சேற்றைக் கண்டு பாவாடையைத் தூக்கிப் பிடித்த பெண்பிள்ளையைப் போல நின்றது. மீன் விற்பவர், "இதிலேயே சிலோனுக்குப் போகிறாயா? கடல் அந்தப் பக்கம்!" என்று கை காட்டினார். அத்தானும் சிரித்தார். அன்று பின்னேரம் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபோது, "எங்கடை லொறி மாதிரியே செய்துபோட்டன்," என்றார் அக்காவிடம். அக்கா அந்தப் பக்கம் சிரித்தது எனக்கும் கேட்டது. பிறகு மதி வாங்கிக் கதைத்தாள்.

"அப்பா, எங்கடை வீட்டடியிலை ஆறு இருக்கோ?"

"ஓம் ராசாத்தி, பெரிய ஆறு. இப்ப தண்ணி இல்லை."

"தண்ணி இல்லாட்டி அது என்ன ஆறு?"

"வரும்," என்றார் அத்தான்.

வரவில்லை. அந்தக் குளிர்காலம் பலேர்மோவில் மழை என்ற பேச்சே இல்லை. வீடுகளுக்கு ஒன்றுவிட்ட ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் விட்டார்கள். என் சிஞ்ஞோரா குளிக்கும் தொட்டியில் நீர் பிடித்து வைத்து அளந்து செலவழிக்கச் சொன்னார். தண்ணீர் வரும் நாளில் பால்கனிக்குப் பால்கனி ஆட்கள் கூவிச் சொல்வார்கள். அந்த ஊரில் என் அத்தான் வெள்ளத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு நின்றார்.

தோட்டத்தில் வேலை துவங்கிய அன்று நானும் உதவிக்குப் போனேன். வெறும் வண்டி ஆற்றுப் படுக்கையைத் தாண்டி ஏறிவிட்டது. உரசத்தான் செய்தது. ஆனால் உயரத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது எங்கேயோ கீழே, வேறு யாருடைய வண்டிக்கோ நடப்பதுபோலக் கேட்டது. தோட்டத்தில் அத்தான் பெட்டிகளைத் தன் கையால் அடுக்கினார். மந்தரீனோவின் மணம் கையெல்லாம் ஒட்டியது. பாரம் ஏற ஏற ஸ்பிரிங் தாழ்ந்து, வண்டியின் வயிறு நிலத்துக்கு இறங்கியது. அதை நாங்கள் பார்க்கவில்லை. பெட்டிதான் கண்ணுக்கு முன்னால் உயரமாக நின்றதே! இறக்கத்தில் அத்தான் கல்லுகளைச் சுற்றிச் சுற்றித்தான் போனார். ஆனால் உயர்ந்த பெட்டி பாரத்தோடு ஒரு பக்கம் சாய, அதைச் சமாளிக்கக் ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பினார். ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. பானை உடைவது போல இருந்தது. எஞ்சின் எண்ணெய் வெள்ளைக் கல்லுகளுக்கு மேல் கறுப்பாக ஓடியது. அந்த ஆற்றில் நான் கண்ட ஒரே ஓட்டம் அதுதான்.

அத்தான் இறங்கி அடியில் படுத்துப் பார்த்தார். எண்ணெய்த் தொட்டி பிளந்திருந்தது. அவர் எழும்பவில்லை. அப்படியே அந்தக் காய்ந்த படுக்கையில் மல்லாந்து கிடந்தார். "சும்மா ஒரு கல்லு. சும்மா ஒரு கல்லு," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய றோட்டில் காத்து நின்ற லொறி பழம் வராமல் போய்விட்டது. எங்கள் வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நின்றதால் வேறு வண்டியும் உள்ளே வர முடியவில்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து எங்களையும் இழுத்து, பழத்தையும் ஏற்றினார்.

அப்புக்காத்தர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நாங்கள் கெஞ்சியிருப்போம். அவர் அத்தானின் தோளில் கை வைத்து, வண்டி திருத்தக் காலம் எடுக்குமே என்று கவலைப்பட்டு, "யோசிக்க வேண்டாம், பிறகு கதைப்போம்," என்று சொல்லி இரண்டு கைநிறைய மந்தரீனோ தந்து அனுப்பினார். "பிறகு கதைப்பாராம். நல்ல மனுசன்," என்றார் அத்தான் வழியெல்லாம். எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்கு மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம், 'பாப்பம்' என்போம். கேட்டவரும் விளங்கிக்கொண்டு போய்விடுவார். ஆயிரம் பேருக்குப் 'பாப்பம்' சொன்ன அத்தானுக்கு, இன்னொரு மொழியில் அதே பாப்பம் தனக்குச் சொல்லப்பட்டபோது பிடிபடவில்லை. எனக்கும்தான். தொலைபேசி வருமென்று வாரக்கணக்கில் இருந்தோம். உழவு இயந்திரம் வைத்திருந்தவரின் மகனுக்கு அப்போதுதான் கலியாணம் ஆகியிருந்தது. மாசிக்குள் அந்தக் காவல்காரர் வீட்டின் யன்னல்களுக்குப் புதுத் துணி போட்டுவிட்டார்கள் என்று சிஞ்ஞோரா பேச்சுவாக்கில் சொன்னார். அவர் நல்ல செய்தி போலத்தான் சொன்னார். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்தேன். அன்று தண்ணீர் வராத நாள்.

கொழும்பில் லொட்ஜ் வாழ்க்கை எப்படியென்று இருந்தவர்களுக்குத் தெரியும். பொலிஸ் பதிவு, திடீர்த் திடீரென்று சோதனை, விசாரிக்கவென்று கூட்டிப்போவது, பள்ளிக்கூடம் இல்லாமல் அறைக்குள்ளேயே வளரும் பிள்ளை. வீடு சரிவந்துவிடும் என்று அக்கா பொறுத்திருந்தார். இது இப்போதைக்கு நடக்காது என்று தெரிந்த பிறகு, "பிள்ளை படிக்கோணும். எனக்கு அங்கை பள்ளிக்குடமும் இருக்கு, மாமியாக்களின்ரை வீடும் இருக்கு. நீங்கள் வீடு எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ, உடனை வாறம்," என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, மதியைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் வன்னிக்குப் போனார். போனபிறகு சண்டை துவங்கிப் பாதை மூடிவிட்டது. இதை எழுதும்போதும் அக்காவும் மதியும் அங்கேதான். கடிதம் மாதக்கணக்கில் சுற்றி வருகிறது. அத்தான் இப்போது ஒரு வீடு எடுத்துவிட்டார், ஒப்பந்தத்தோடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில், இரண்டு அறை. ஒரு அறையில் காலையில் வெயில் வரும். அந்த அறையில் நானும் படுப்பதில்லை, அவரும் படுப்பதில்லை.

பிக்கப்பை மாஸ்த்ரோ நீனோ திருத்தித் தந்தார். எண்ணெய்த் தொட்டியை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, "நான் இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டும்," என்று தனக்குத்தானே சொன்னார். கூலியைக் குறைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை உயர்த்தித் தருகிறேன், குற்றியைக் கழற்றிவிடலாம் என்றும் கேட்டார். "இனி என்னத்துக்கு?" என்றார் அத்தான். அதை நான் மொழிபெயர்க்காமலே அவர் விளங்கிக்கொண்டார். ஆகவே வண்டி அப்படியே, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி, போர்கோ வெக்கியோ தெருக்களில் இன்னும் ஓடுகிறது. மீன்காரர் மட்டும் பகிடியை விடவில்லை. "இன்னும் போகவில்லையா சிலோனுக்கு?" என்பார்.

போன ஐப்பசியில் ஒருநாள் மழை வந்தது. இந்த ஊர் மழையெல்லாம் இதற்குச் சேர்த்து வைத்திருந்தது போல, காலையிலிருந்து கொட்டியது. மலையிலிருந்து வந்த தண்ணீர் முழுவதும் துறைமுகத்துப் பக்கம் இறங்கி, பாலத்துக்குக் கீழே பதிந்து போகும் றோட்டை மூடிவிட்டது. மத்தியானம் பள்ளிக்கூடம் விடும் நேரம். நானும் அத்தானும் ஒரு வேலை முடித்து அந்த வழியாக வந்தோம். கார்கள் தண்ணீருக்குள் நின்றுபோய்க் கிடந்தன. அந்தக் கரையில் புத்தகப்பையோடு பிள்ளைகள், சந்தைப்பைகளோடு பெண்கள். வீடெல்லாம் எங்கள் பக்கம். குடைக்குக் குடை இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தான் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினார். காற்சட்டையைச் சுருட்டித் தொடைவரை ஏற்றினார். தண்ணீருக்குள் இறங்கி, காலால் றோட்டைத் தடவித் தடவி அக்கரைவரைக்கும் நடந்து, திரும்பி வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. வந்து, எஞ்சின் மூடியைத் திறந்து ஃபான் பெல்ட்டைக் கழற்றி என் கையில் தந்தார். "தொடைதான்," என்றார். வண்டி மெல்ல இறங்கியது. தண்ணீர் இருபுறமும் விலகியது. பெட்டி ஒரு சொட்டு நனையவில்லை. இந்த வண்டி பிழையான வண்டியென்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று எனக்கு இருந்தது.

எத்தனை தரம் போய் வந்தோம் என்று தெரியாது. நான் பெட்டியில் நின்று கைகொடுத்து ஏற்றினேன், இறக்கினேன். மீன்காரரின் மனைவியும் அதில் வந்தார். கூடைக்காரியும் வந்தாள், என்னை யாரென்று கண்டு கன்னத்தில் தட்டினாள். கடைசித் தரம் ஒரு தாயும் மகளும். மகளுக்கு மதியின் வயது இருக்கும். தாய் பெட்டியில் என்னோடு நிற்க, பிள்ளை முன்னால் அத்தானுக்குப் பக்கத்தில் ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகும் குடையை மடக்கவில்லை. கபினுக்குள் விரித்தபடியே பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளுடைய பக்கம் திரும்பவேயில்லை. நேரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

இக்கரையில் தாய் பிள்ளையைத் தூக்கி இறக்கினாள். 'கிராட்சியே' சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் தெருவுக்குள் போனார்கள். மழையும் குறைந்துவிட்டது. நான் பெட்டியிலிருந்து குதித்து இறங்கி, ஃபான் பெல்ட்டை நீட்டினேன். அத்தான் வாங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது அத்தான். அங்காலை ஒருத்தரும் இல்லை."

"இருப்பினம். வடிவாப் பார்," என்றார்.

நான் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே கலங்கிய தண்ணீர், அதற்கு அப்பால் வெறும் றோட்டு. மீண்டும் பெட்டியில் ஏறிக்கொண்டேன். அத்தான் கியரைப் போட்டார். யாரையும் ஏற்றாத அந்த உயர்ந்த வண்டி மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியது.